பதினோராவது கேள்வி

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி சாதாரண வேலை, அவருடைய ஹெட்போன் ஒயரைப் பற்றவைத்தது. மைக் பொருந்தும் இடத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. தலையை இடப்பக்கம் சாய்த்தால் குரல் போகும், வலப்பக்கம் சாய்த்தால் திரும்ப வரும். இரண்டு நாளாக அப்பா வலப்பக்கம் சாய்ந்தபடியே பேசிக்கொண்டிருந்தார். கழுத்து பிடித்துக்கொண்ட பிறகுதான் என்னிடம் சொன்னார்.

சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்தோம். நான் ரப்பர் உறையைச் சீவினேன். உள்ளே மயிரிழை போல நான்கு கம்பிகள். அவர் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ள, நான் ஈயம் வைத்தேன். அறுபத்திரண்டு வயதில் அவர் கை நடுங்கவில்லை. ஒருமுறை சூடு விரலில் பட்டது. அப்போதும் பிடியை விடவில்லை. முடிந்ததும், ஏதாவது பேசிப் பாருங்கள் என்றேன். அவர் எடுத்துக்கொண்டிருந்த கருத்துக் கணிப்பின் ஒன்பதாவது கேள்வியைச் சொன்னார்.

“வாடகைக்குக் குடியிருப்போரை வெளியேற்றுவதை நிறுத்திவைக்கும் அரசாணையை மேலும் மூன்று மாதங்களுக்கு நீட்டிப்பதை நீங்கள் முழுமையாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா, ஓரளவு எதிர்க்கிறீர்களா, முழுமையாக எதிர்க்கிறீர்களா?”

நான்கு விடைக்கும் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். எந்தப் பக்கமும் ஒரு சாய்வு இல்லை. தராசுகளையும் அளவுமானிகளையும் சரிபார்த்துச் சான்று கொடுப்பது என் தொழில். ஒரே எடைக்கல்லை நான்கு முறை வைத்து நான்கு முறையும் ஒரே எண் வந்தால் ஒரு திருப்தி வரும். அன்று அதுதான் வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அப்பா இருபத்தெட்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லும் வேலை. பிறகு பதிவு செய்த குரலை ஒலிக்கவிடும் இயந்திரம் வந்தது. அதற்குக் குரல் கொடுத்ததும் அவர்தான். தன் வேலையைத் தானே பேசித் தீர்த்துவிட்டு வெளியே வந்தவர் என்று அத்தை கிண்டல் செய்வாள். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குளியலறையில் நான் நேரம் கடத்தினால், குறிப்பிட்ட வண்டி இன்னும் நிலையத்தைவிட்டுப் புறப்படாததால் பயணிகள் அவதிக்குள்ளாகியிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து அறிவிப்பு வரும்.

அதற்குப் பிறகுதான் தொலைபேசிக் கருத்துக் கணிப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். சோப்பு, வங்கி, செல்போன், தேர்தல் என்று எதைப் பற்றியும் கேட்பார்கள். மற்றவர்கள் மாலையானால் கேள்விகளை விழுங்கிப் பேசுவார்கள், பதிலுக்கு எடுத்துக்கொடுப்பார்கள். அப்பா ஐம்பதாவது ஆளிடமும் முதல் ஆளிடம் கேட்டது போலவே கேட்பார். அங்கே அவருக்கு ‘ரெக்கார்டு’ என்று பெயர். மேற்பார்வையாளராக இருந்த பெண், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவருடைய அழைப்புகளைப் போட்டுக் காட்டுவார்.

தொற்று வந்ததும் வேலை வீட்டுக்கு வந்தது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி. தெருச் சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டோம். தெருவில் சத்தம் என்று எதுவும் இல்லை, ஆம்புலன்ஸ் மட்டும்தான். போர்வை அதைத் தடுக்கவில்லை. அது கடந்து போகும்வரை அப்பா அழைப்பின் நடுவில் நிறுத்திக் காத்திருப்பார். சில சமயம் எதிர்முனையிலும் அதே போல ஒரு வண்டி போகும் என்றார். இருவரும் பேசாமல் இரண்டு வண்டிகளையும் கேட்டுக்கொண்டிருப்பார்களாம்.

வீட்டு வசதித் துறைக்காக எடுத்த கணிப்பு அது. வருமானம் போன குடித்தனக்காரர்களை வெளியேற்றக் கூடாது என்ற ஆணை அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிவதாக இருந்தது. நீட்டிக்கலாமா, மக்கள் ஆதரவு இருக்கிறதா என்று துறை தெரிந்துகொள்ள விரும்பியது. பதினான்கு கேள்விகள். பதினோராவது இது: “வருமான இழப்பு உறுதிமொழிப் படிவத்தை உங்கள் வீட்டு உரிமையாளரிடம் கொடுத்திருக்கிறீர்களா?” விடைக்கு இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில், ‘கேள்வியாளர் தகவலுக்கு மட்டும், வாசிக்கக் கூடாது’ என்ற தலைப்பில் ஒரு பத்தி இருந்தது. ஆணை தானாக யாரையும் காப்பாற்றாது. படிவத்தை நிரப்பி, உரிமையாளர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கியவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

அப்பா அதை முதல் நாளே படித்துவிட்டார். எனக்கும் படித்துக் காட்டினார்.

பதினோராவது கேள்வியைக் கேட்டதும், “என்ன படிவம் சார்?” என்பார்களாம். அதற்கு விதி இருந்தது. கேள்வியை எழுதியிருக்கிறபடியே இன்னொரு முறை படிக்க வேண்டும். மறுபடி கேட்டால், “அதைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது, உங்கள் பதிலை மட்டும் சொல்லுங்கள்” என்ற ஒரே வாக்கியம். இரண்டாவது தடவை எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அப்பா ‘இல்லை’யில் குறி வைத்துப் பன்னிரண்டாவது கேள்விக்குப் போவார்.

“சொல்லிடலாமே அப்பா” என்று ஒரு நாள் கேட்டேன்.

“சொல்லிக் குடுத்துட்டுக் கேட்டா அது அவங்க பதில் இல்லம்மா, என் பதில். நீ தராசுல விரலை வெப்பியா?”

வைக்க மாட்டேன். அதோடு அந்தப் பேச்சை விட்டேன். கருவியில் பிழை இல்லை என்றால் அளவில் பிழை இல்லை என்று நினைக்கிற பழக்கம் எங்கள் இருவருக்கும் இருந்தது. தெரியாது என்பதற்கு மூன்றாவது கட்டம் இல்லாததை நான் பார்த்தேன். பார்த்தும், அது வடிவமைத்தவர்கள் கவலை என்று விட்டுவிட்டேன்.

பதினான்காம் தேதி இரண்டாம் சுற்று தொடங்கியது. முதல் சுற்றில் பேசியவர்களில் சிலரை மறுபடி அழைத்து, அதே கேள்விகளைக் கேட்டு, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. எண்களை இயந்திரமே அழைக்கும். அப்பாவுக்கு எண்ணும் தெரியாது, பெயரும் தெரியாது. ஆனால் குரல் தெரியும். ஒரு முறை கேட்ட குரலை அவர் மறந்ததில்லை.

முதல் நாள் மூன்றாவது அழைப்பில் ஒருவர் கிடைத்தார். முதல் கேள்வி: நீங்கள் வசிப்பது சொந்த வீடா, வாடகை வீடா?

“ரெண்டும் இல்ல சார். மச்சான் லாரி ஷெட்டுல இருக்கோம்.”

அப்பா கேள்வியை மறுபடி படித்தார்.

“நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா வீடு வந்துடுமா சார்?” அந்த ஆள் சிரித்தாராம். கோபமில்லாத சிரிப்பு என்று அப்பா சொன்னார். அதைச் சொல்லும்போது ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

மேற்பார்வையாளரை அழைத்து என்ன குறி வைப்பது என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

“பதிலளிக்க மறுத்தார்னு போடுங்க சார்.”

“அவர் மறுக்கலையே மேடம்.”

“தெரியுது சார். வேற கட்டம் இல்ல.”

அந்த வாரம் முழுவதும் அது போலவே. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற ஒருவர். மூடிய பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒரு குடும்பம். எடுத்ததும் வைத்துவிட்ட ஒரு பெண். எல்லோரும் முதல் சுற்றில் என்ன படிவம் என்று கேட்ட குரல்கள். எல்லோரும் பதிலளிக்க மறுத்தவர்கள். அப்பா மாலையில் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். எத்தனை பேரப்பா படிவத்தைப் பற்றிக் கேட்டார்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஏறக்குறைய எல்லோருமே என்றார்.

பத்தொன்பதாம் தேதி ஒரு தையல்காரப் பெண் கிடைத்தாள். இன்னும் அதே அறையில்தான் இருந்தாள். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். முகக்கவசம் தைக்கிறாள். புருஷன் ஓட்டலில் சமையல்காரன், வெளியூரில் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஒன்பதாவது கேள்விக்கு முழுமையாக ஆதரிக்கிறேன் என்றாள். பதினோராவது வந்தது.

“போன தடவையும் இதையேதான் கேட்டீங்க சார். என்ன படிவம்னு சொல்லவே மாட்டேங்கறீங்க.”

அப்பா கேள்வியைப் படித்தார்.

“கவர்ன்மென்ட்டே ஆர்டர் போட்டிருக்குல்ல, எங்களை யாரும் வெளிய போகச் சொல்ல முடியாதுல்ல? அதுக்கு மேல என்ன பேப்பர்?”

விதியில் இருந்த வாக்கியத்தை அப்பா சொன்னார். நான் கதவருகே நின்று கேட்டேன். அதே ஏற்றம், அதே இறக்கம். அவள் இல்லை என்றாள். குறி வைத்தார். பதினான்காவது கேள்வி எந்த வட்டாரம் என்பது. அவள் வட்டாரத்தைச் சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டித் தெரு, மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை என்று கேட்காமலே சேர்த்துச் சொன்னாள். அதை எழுத இடமில்லை. அப்பா எழுதவில்லை.

அழைப்புகள் எல்லாம் பதிவாகும். விதி மீறினால் அந்தக் கேள்வியாளர் எடுத்த மொத்தக் கணிப்பையும் தள்ளிவிடுவார்கள். அவரிடம் முழுமையாக ஆதரிக்கிறேன் என்று சொன்ன நூற்றுக்கணக்கான குரல்கள் அப்படியே குப்பைக்குப் போகும். ஒருத்தியைக் காப்பாற்றப் போய் மற்றவர்களின் வாயை அடைப்பதா? ஆணை நீட்டிக்கப்பட்டால் எல்லோருக்குமே பயன்தானே? அன்று ராத்திரி இதை எனக்குத் தர்க்கமாக விளக்கினார். சரிதான் என்றேன். சரியாகத்தான் இருந்தது.

இருபத்திரண்டாம் தேதி கணிப்பை ஒப்படைத்தார். இருபத்துமூன்று காலை, துறையின் இணையதளத்திலிருந்து படிவத்தை எடுத்து இருபது நகல் தரச் சொன்னார். என் ஆய்வகத்தில் எடுத்து வந்தேன். ஒப்படைத்த பிறகு விதி கிடையாது என்றார். கணிப்பாளராகப் போகவில்லையாம், காலாற நடக்கப் போகிறாராம்.

வெளியே போக அனுமதி ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை. முதல் இரண்டு நாள் தையல்காரப் பெண் சொன்ன தெருவே கிடைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் தொட்டிகள் நான்கு. ஒவ்வொன்றின் அடியிலும் சந்துகள், வரிசை வீடுகள், பொதுக் குழாய்கள். அப்பா வாசலில் நின்று ஏதாவது கேட்பார், உள்ளே இருந்து வருகிற பதிலில் குரலைத் தேடுவார். யாராவது கேட்டால் படிவத்தைக் கொடுத்துவிட்டு நகர்வார். வீட்டுக்கு வந்து அவர் சொன்னது ஆட்களைப் பற்றியல்ல, பூட்டுகளைப் பற்றி. பழைய கதவுகளில் புத்தம் புதிய பூட்டுகள், எல்லாம் ஒரே மாதிரி, ஒரே கடையில் மொத்தமாக வாங்கியது போல. சில வாசல்களில் உள்ளே போக முடியாத கட்டில் ஒன்று வெளியே செங்குத்தாக நிறுத்தப்பட்டிருக்கும். ஒரு சந்தில் வரிசையாக ஆறு பூட்டுகள், ஏழாவது அறையில் மட்டும் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம்.

இருபத்தாறாம் தேதி காலை அவளைக் கண்டுபிடித்தார். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் மட்டும் தெருவைப் பார்த்த அறை. கதவில் சுகாதாரத் துறையின் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. பதினான்கு நாள் வெளியே வரக் கூடாது. காய்ச்சல் கண்டு நான்கு நாளாகியிருந்தது. அப்பா ஜன்னல் ஓரமாக நின்று, இது தண்ணீர்த் தொட்டித் தெருவா என்று கேட்டார். மெஷின் நின்றது.

“நீங்க போன்ல பேசுன சார்தானே?”

அவளுக்கும் குரல் மறக்கவில்லை.

“கேள்வி கேக்க வீட்டுக்கே வந்துட்டீங்களா?”

“இந்தத் தடவை பதில் சொல்ல வந்திருக்கேன்மா.”

ஜன்னல் கம்பி வழியாகப் படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாக விளக்கினார். அவள் இருமிக்கொண்டே எழுதினாள். உரிமையாளரின் ஆள் ஒருவன் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறானாம். தொற்றுக்குப் பயந்து கிட்டே வர மாட்டான். முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று, “முப்பதாம் தேதி” என்று மட்டும் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவான். அவனிடம் தாளைக் கொடுத்துப் பயனில்லை. உரிமையாளர் தன் வீட்டில், தன் கையால் வாங்கினால்தான் உண்டு. அவர் வீடு ஊரின் மறுபக்கம். இவள் கதவைத் தாண்டினால் போலீஸ் வரும்.

சாட்சி என்று ஓர் இடம் படிவத்தில் இருந்தது. அப்பா அதில் கையெழுத்துப் போட்டார். நான் கொடுத்துவிடுகிறேன், நீ கவலைப்படாதே என்றார். அவள் கம்பி வழியாக நீட்டிய தாளை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். மணி பத்து ஐம்பது. அன்றைக்கு இனிப் பேருந்து இல்லை. மறுநாள் காலை போவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மத்தியானம் சாப்பிடும்போது இதையெல்லாம் எனக்குச் சொன்னார். பல நாளைக்குப் பிறகு இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டார். அவள் எழுதும்போது எவ்வளவு கிட்ட நின்றீர்கள் என்று கேட்டேன். ஜன்னல்தானே என்றார். முகக்கவசம் போட்டிருந்தீர்களா என்றேன். குரல் சரியாகக் கேட்க வேண்டுமே என்று கழற்றினாராம்.

அதற்கு முந்தைய நாட்களில் அவர் நின்ற வாசல்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. தொற்று எங்கிருந்து வந்தது என்று அளந்து சொல்ல முடியாது. அன்று மாலையே தொண்டை கரகரத்தது. இருபத்தேழு காலை காய்ச்சல்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கதவை மறித்தேன்.

“ஒரு பேப்பர் குடுக்கணும், அவ்வளவுதாம்மா. வாசல்லயே நின்னு குடுத்துட்டு வந்துடறேன்.”

“இந்தக் காய்ச்சலோட பஸ்ல ஏறுவீங்களா? எத்தனை பேருக்கு ஒட்டும்?”

செருப்பைக் கழற்றினார். சட்டையோடேயே படுத்தார். நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொன்னேன். மத்தியானம் குரல் போயிற்று. முதலில் கரகரப்பு, பிறகு காற்று, பிறகு அதுவும் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை நான் சரிபார்த்து வைத்திருந்தேன். தொண்ணூற்று நான்கு காட்டியது. தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு வந்தபோது என் விரலில் மாட்டிப் பார்த்தேன். கருவியில் பிழை இல்லை.

இருபத்தெட்டு அதிகாலை ஆம்புலன்ஸ் வந்தது. உடன் வர அனுமதியில்லை என்றார்கள். என்னையும் சோதித்தார்கள். மாலைக்குள் எங்கள் கதவிலும் மஞ்சள் தாள் ஒட்டினார்கள்.

உரிமையாளர் விலாசம் படிவத்தில் இருந்தது. படிவம் சட்டைப் பையில் இருந்தது. சட்டை அப்பா மேல் இருந்தது.

மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தேன். மூன்றாவது நர்ஸ் பொறுமையாகக் கேட்டார். உடைகளை மாற்றிவிட்டார்களாம், பழையதைக் கவரில் போட்டு ஒட்டி அறையில் வைத்திருக்கிறார்களாம். உரிமையாளரிடம் யாரையாவது அனுப்பிச் சொல்லவாவது, அதைத் திறந்து, ஒரு தாளை எடுத்து, அதிலுள்ள விலாசத்தை மட்டும் படிக்க முடியுமா என்றேன். ஒட்டிய கவரைத் திறக்கக் கூடாது என்பது விதி என்றார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம்” என்றும் சொன்னார். அந்தக் குரலிலும் சாய்வு இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி கணிப்பின் முடிவு செய்தியில் வந்தது. ஆணையை நீட்டிப்பதற்கு நூற்றுக்கு எழுபத்தொரு பேர் ஆதரவு. ஆனால் படிவம் கொடுத்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். எனவே உண்மையான தேவை குறைவு என்று துறை முடிவு செய்திருக்கிறது. பொது நீட்டிப்பு இல்லை. முப்பதாம் தேதிக்குள் படிவம் கொடுத்தவர்களுக்கு மட்டும் இன்னும் மூன்று மாதம்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். எண்களில் பிழை இல்லை. என்ன படிவம் என்று கேட்ட ஒவ்வொருவரும் அந்தத் தொண்ணூற்று நாலில் இருந்தார்கள், தேவையில்லாதவர்களாக. அதில் அப்பா பங்கு நேர்த்தியானது. செய்தி வந்தபோது அவருக்குச் சுயநினைவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மகள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் தேதி அப்பா இறந்தார். செல்போனில் சொன்னார்கள். அத்தைக்கு நான் செல்போனில் சொன்னேன். “அந்தக் குரலை எங்கடி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மருத்துவமனையின் பெயரைச் சொன்னேன்.

பதினோராம் தேதி எனக்கு வெளியே போக அனுமதி வந்தது. முதலில் மருத்துவமனை. ஒட்டிய கவரை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். வாசலிலேயே பிரித்தேன். கண்ணாடி, அடையாள அட்டை, சட்டை. பையில் படிவம்.

அங்கிருந்து தண்ணீர்த் தொட்டித் தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே உள்ள கதவில் புதிய பூட்டு. மஞ்சள் தாளைக் கிழித்த இடத்தில் பசைத் தடம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தரையில் நான்கு சிறு பள்ளங்கள், மெஷின் நின்ற இடம். சுவரோரம் நூல் துணுக்குகளைக் கூட்டிக் குவித்து வைத்திருந்தாள். அள்ள நேரம் இருக்கவில்லை போலிருக்கிறது.

குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்தாள். யாரைத் தேடுகிறீர்கள் என்றாள். சொன்னேன்.

“ரெண்டாம் தேதி அனுப்பிட்டாங்க. காய்ச்சல் முழுசா விடல, மஞ்சத் தாள் நாளும் முடியலைன்னு சொல்லிப் பார்த்தோம், கேக்கல.” குடத்தை மாற்றி வைத்தாள். “நாங்க அப்பவே சொன்னோம், கவுன்சிலர் ஆபீஸ்ல ஒரு ஆள் பேப்பர் வாங்கிட்டுப் போய்க் குடுக்கறான், அவன்கிட்ட குடுன்னு. வேண்டாம்னுட்டா. ஒரு சார் வாங்கிட்டுப் போயிருக்காரு, அவர் சொன்னா சொன்னதுதான், பேப்பர் போயிருக்கும்னு சொன்னா. பூட்டு போடும்போதும் அதையேதான் சொன்னா.”

அவள் எங்கே போனாள் என்று கேட்டேன். தெரியாதாம். மெஷினை மட்டும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாளாம்.

“நீங்க யாரு, சொந்தமா?” என்றாள்.

குழாயைக் கடந்து தெருமுனைக்கு நடந்தேன்.

படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. நான்காக மடித்த கோடுகள் கிழியத் தொடங்கியிருக்கின்றன. கீழே கையொப்பத்துக்கு மூன்று இடங்கள். விண்ணப்பதாரர், அவள் கையெழுத்து, தைக்கிற கைக்கே உரிய சிறு எழுத்து. சாட்சி, அப்பா. பெற்றுக்கொண்டவர், காலி. பின்பக்கம் உரிமையாளரின் விலாசத்தை அப்பா தெளிவாக எழுதி, வீட்டு எண்ணுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறார். அதற்குக் கீழே, நீல கேட், காலிங் பெல் வேலை செய்யாது, கூப்பிட வேண்டும் என்று ஒரு குறிப்பு. இருபத்தேழாம் தேதி காலை போயிருக்க வேண்டியது.